கடிதங்களும் கார்டுகளுமாக ஒரு சித்திர நாவல்: செய்முறை

இந்த வகை நாவலில் கதைசொல்லி என்று யாரும் இல்லை. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்ட கார்டு, இன்லாண்டு, கவர், தந்தி ஆகியவைதான் பக்கங்கள். பரணில் கிடைத்த கடிதக் கட்டைப் பிரிப்பதுபோல வாசகர் அவற்றைப் பிரித்துப் படிக்கிறார். 1991-இல் வந்த நிக் பான்டாக்கின் ‘கிரிஃபின் அண்ட் சபீன்’ நூலில் உறைகள் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். கடிதத்தை உருவித்தான் படிக்க வேண்டும். அந்த வேலைப்பாட்டைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் பெரும்பாலும் உறை செய்வதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. இங்கே கதையை நகர்த்துவது தபால் போய்ச் சேர எடுக்கும் நாட்கள். அவற்றைக் கணக்கிடாமல் எழுதினால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் வசனத்தைத் துண்டுத் துண்டாகத் தாளில் ஒட்டியதுபோலத்தான் இருக்கும்.

கீழே உள்ள அளவுகள் 48 பக்கம், 24 தபால் உருப்படிகள் கொண்ட ஒரு நூலுக்கானவை. விளக்குவதற்கு ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். காலம் 1974. பம்பாய் மாட்டுங்காவில் சைன்போர்டு எழுதும் அண்ணன் சுப்பையா. அம்பாசமுத்திரத்தில் தாயோடு இருக்கும் தங்கை கோமதி.

முதலில் தபால் நாட்காட்டி

ஒரு நீளத் தாளில் நான்கு பத்தி போடுங்கள்: எழுதிய நாள், தபாலில் சேர்த்த நாள், போய்ச் சேர்ந்த நாள், எழுதும்போது எழுதியவருக்கு என்ன தெரியும். நான்காவது பத்தியை நிரப்பாமல் ஒரு கடிதம்கூட எழுத வேண்டாம். பக்கத்தில் அந்த ஆண்டின் காலண்டர் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது. கதையில் ஞாயிறன்று தபால்காரர் மணி அடித்தால் கவனமான வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

பம்பாய்க்கும் அம்பாசமுத்திரத்துக்கும் ஐந்து நாள் என்று வைப்போம். சுப்பையா ஏப்ரல் 15, திங்கட்கிழமை ஒரு கார்டு போடுகிறார்: ‘வீட்டை அடகு வைக்கலாமா, யோசித்து எழுது.’ அது 20-ஆம் தேதி சனிக்கிழமை போய்ச் சேரும். அதற்குள் கோமதி 18-ஆம் தேதி வியாழனன்று, அந்தக் கார்டைப் பார்க்காமலே, கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) பற்றி உற்சாகமாக ஓர் இன்லாண்டு போட்டுவிடுகிறாள். அது 23-ஆம் தேதி செவ்வாயன்று பம்பாயில் கிடைக்கிறது. தான் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை, கொடையைப் பற்றி ஒரு பக்கம். சுப்பையா 24-ஆம் தேதி கோபமாக எழுதுகிறார். கோமதியின் உண்மையான பதில் 22-ஆம் தேதி திங்களன்றே கிளம்பிவிட்டது. 27-ஆம் தேதி சனியன்று சேரும். கோபக் கடிதம் 29-ஆம் தேதி திங்களன்று அவளிடம் சேரும். இருவர் மேலும் தவறில்லை, இருந்தும் சண்டை வந்துவிட்டது. நேரில் பேசும் கதையில் இந்தச் சண்டைக்கு ஒரு வில்லன் வேண்டும். இங்கே ரயில் எடுத்துக்கொண்ட ஐந்து நாளே போதும்.

ஆண்டைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஆண்டில் தபாலை எது தாமதப்படுத்தியிருக்கும் என்று தேடுங்கள். 1974-இல் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் மே 8 முதல் 27 வரை நடந்தது. நெடுந்தூரத் தபாலில் பெரும்பகுதி ரயிலில் போன காலம் அது. மே 6-ஆம் தேதி போட்ட கார்டு எப்போது சேரும் என்று எழுதியவருக்கும் தெரியாது, காத்திருப்பவருக்கும் தெரியாது. அந்த மூன்று வாரத்தைக் கதையின் நடுவில் வைத்தால் மௌனத்துக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரும் ஆண்டோடு ஒத்துப்போக வேண்டும். 1995 வரை முகவரியில் பம்பாய்தான், 1996 வரை மெட்ராஸ்தான். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துத் தென்காசியை 1974-இல் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றுதான் எழுத வேண்டும்; தென்காசி மாவட்டம் 2019-இல்தான் வந்தது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானது. ஆகவே 1974-இல் அந்த எண் உண்டு, எழுதும் பழக்கம்தான் எல்லோருக்கும் வந்திருக்காது. சுப்பையா 627401 என்று ஒழுங்காக எழுதட்டும், கோமதி வெறும் ‘மாட்டுங்கா, பம்பாய்-19’ என்று எழுதட்டும். இரண்டு பேரின் குணமும் முகவரியிலேயே தெரிந்துவிடும். காசு விஷயத்திலும் கவனம் தேவை: 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கதையென்றால் அணா, பிறகு நயா பைசா, 1964 ஜூனிலிருந்து வெறும் பைசா.

எதில் எழுதுகிறார்கள் என்பதே பாதிக் கதை

கார்டு திறந்த கடிதம். தபால்காரர் படிப்பார், கார்டை வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், எழுதத் தெரியாத தாய்க்கு யாரோ சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். கார்டில் எழுதும் எதையும் குறைந்தது மூன்று பேர் படிப்பார்கள் என்ற எண்ணத்தோடு உங்கள் பாத்திரம் எழுத வேண்டும். ‘நீ சொன்ன விஷயத்தைப் பற்றி விவரமாகக் கவரில் எழுதுகிறேன்’ என்று கார்டில் ஒரு வரி வந்தால் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் இருப்பது தெரிந்துவிடும், என்ன விஷயம் என்று மட்டும் தெரியாது. மறைக்கப் போட்ட வரியே ஊரைக் கூட்டிவிடும். இந்த வடிவத்துக்கென்றே வாய்த்த இக்கட்டு இது, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இன்லாண்டு மூடியிருக்கும், ஆனால் உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். இடம் தீர்ந்துவிட்டால் மடிப்பு ஓரத்தில் பக்கவாட்டாக எழுதுவார்கள். முக்கியமான செய்தி பெரும்பாலும் அங்கேதான் வரும், ஏனென்றால் சொல்லலாமா வேண்டாமா என்று கடைசிவரை தயங்கிய செய்தி அது. கவரில் புகைப்படம், விபூதி மடித்த பொட்டலம், கொலுசு அளவுக்கு வெட்டிய நூல் எல்லாம் வைக்கலாம். மணியார்டர் படிவத்தின் அடியில் துண்டுச் சீட்டு ஒன்று இருக்கும். பணத்தோடு மூன்று நான்கு வரிச் செய்தி அதில் வரும். தந்தி சொல்லுக்குச் சொல் காசு. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும் என்பதால் படிக்கத் தெரிந்தவரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அதற்குப் பிந்தைய கதையில் தந்தி வைக்காதீர்கள். ‘இதைத் தந்திபோல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும்’ என்று கடிதத்தில் எழுதுகிறவர் தந்திக்குக் காசில்லாதவர் அல்லது தந்தி என்றாலே வீடு பதறும் என்று அறிந்தவர். இரண்டில் எது என்பதை முன்பின் கடிதங்கள் சொல்லட்டும்.

இனி இடக் கணக்கு. இந்திய அஞ்சலட்டை 14 × 9 செ.மீ. 7 மி.மீ. இடைவெளியில் எழுதினால் எழுதும் பக்கத்தில் 12 வரி, வரிக்கு ஐந்து சொல், ஆக 60 சொல். முகவரிப் பக்கத்தின் இடது பாதியில் இன்னும் 25 முதல் 30 சொல். ஆகவே வெறும் கார்டு என்றால் 90 சொல்லுக்குள். ஒரு பக்கம் முழுக்கப் படம் வரைந்துவிட்டால் மிஞ்சுவது அந்த 30 சொல்தான். கணினியில் 150 சொல் தட்டச்சு செய்துவிட்டுப் பிறகு கார்டில் அடைக்கப் பார்ப்பது எல்லோரும் செய்யும் பிழை. முதல் வரைவையே 14 × 9 வெட்டிய அட்டையில் பேனாவால் எழுதுங்கள். இடம் தீரும்போது வாக்கியம் எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கைதான் கற்றுக்கொடுக்கும்.

48 பக்கம் எப்படி நிரம்புகிறது

பதினொரு படக் கார்டுகள், ஒவ்வொன்றும் ஒரு தாளின் இருபுறம்: 22 பக்கம். ஆறு இன்லாண்டு, வெளிப்புறம் ஒரு பக்கம், விரித்த உட்புறம் ஒரு பக்கம்: 12. நான்கு கவர், உறை ஒட்டிய பக்கமும் அதன் பின்பக்கமும்: 8. தந்தி ஒன்று, மணியார்டர் சீட்டு ஒன்று, ஒரே தாளின் இருபுறம்: 2. பெறுநர் இல்லாமல் திரும்பி வந்த கவர் ஒன்று, பிரிக்கப்படாதது, முன்னும் பின்னும்: 2. ஆக 46. தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் சேர்ந்தால் 48. பதினாறு பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) மூன்று, வீணாகும் பக்கம் ஒன்றுமில்லை.

கார்டின் படப்பக்கம் எப்போதும் வலதுபக்கத் தாளில் வரட்டும். புரட்டினால் அதே இடத்தில் எழுத்துப் பக்கம். அப்போது வாசகர் கையில் கார்டையே திருப்பிப் பார்த்த உணர்வு கிடைக்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இடப்பக்கத்தில் இப்போது படிக்கும் எழுத்தும், வலப்பக்கத்தில் அடுத்த கார்டின் படமும் எதிரெதிரே அமரும். ‘இங்கே எல்லாம் சௌக்கியம்’ என்ற வரிக்கு எதிரே அடுத்த கார்டில் என்ன படம் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். இந்த எதிர்ப்பக்க ஜோடிகளைத் தனியாக ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டே மேலே போங்கள்.

பக்க அளவுக்கு டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவு வேண்டாம். அதன் அகலமே 14 செ.மீ.தான், கார்டைச் சுருக்கினால் கையெழுத்து எறும்பாகிவிடும். 51 × 76 செ.மீ. தாளை மூன்று முறை மடித்தால் 19 × 25.5 செ.மீ. பக்கம் வரும், ஓரம் வெட்டிய பின் 18 × 24. அதில் கார்டு உண்மை அளவிலேயே உட்காரும். தைக்கும் முதுகுப் பக்கம் 2.5 செ.மீ., வெளி ஓரம் 1.5 செ.மீ. விடுங்கள். விரித்த இன்லாண்டு இதில் முழு அளவில் அடங்காது, முக்கால் அளவுக்குச் சுருக்க வேண்டிவரும். ஆகவே இன்லாண்டில் எழுத்தை 4 மி.மீ. உயரத்தில் எழுதினால் அச்சில் 3 மி.மீ. நிற்கும். அதற்குக் கீழே போனால் தமிழில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எழுதுவது

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தேவை வேண்டும்: பணம், சம்மதம், மன்னிப்பு, முகவரி, மருந்துச் சீட்டு. சும்மா நலம் விசாரிக்கும் கடிதத்துக்குப் பின்னாலும் கேட்கத் தயங்கிய ஏதோ ஒன்று இருக்கட்டும்.

பெறுகிறவருக்குத் தெரிந்ததை அவருக்கே சொல்வது இந்த வடிவத்தின் மிகப் பெரிய விபத்து. ‘உனக்கே தெரியும், அப்பா இறந்து பத்து வருஷம் ஆகிறது, அம்மா நம்மை வளர்க்க...’ என்று எந்த அண்ணனும் தங்கைக்கு எழுத மாட்டான். ‘அப்பா திதிக்கு ஐயருக்கு ஐந்து ரூபாய் போதும். போன வருஷம்போல் பத்தைக் கொடுத்துவிடாதே’ என்று எழுதுவான். அப்பா இல்லை, வீட்டில் காசு இறுக்கம், அண்ணன் கணக்குக்காரன், தங்கை தாராளம் என்று நான்கு செய்திகள் ஒரு கண்டிப்புக்குள் வந்துவிட்டன. வாசகருக்குத் தகவல் சேர வேண்டுமானால் பாத்திரங்கள் ஒருவரையொருவர் திருத்தட்டும், கண்டிக்கட்டும், கேட்டதையே மறுபடி கேட்கட்டும்.

கடிதக் கட்டுக்குள் இல்லாத கடிதம் ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்கு வந்த பதில் மட்டும் நூலில் இருக்கும். நம் வழக்கத்தில் இதற்கு இயல்பான காரணம் உண்டு. துக்கச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். மூலையில் கறுப்புத் தடவிய அந்தக் கார்டை நீங்கள் காட்டவே வேண்டாம். அடுத்த பக்கத்தில் சுப்பையாவின் கையெழுத்து வழக்கத்துக்கு மாறாகக் கோணலாக, ‘கார்டு கிடைத்தது’ என்று மட்டும் வந்தால் போதும்.

தொடக்கமும் முடிவும் ஆளைக் காட்டும். உச்சியில் பிள்ளையார் சுழி போடுபவர், ‘சிவமயம்’ எழுதுபவர், ‘786’ எழுதுபவர், ஒன்றும் போடாதவர் என்று முதல் அங்குலத்திலேயே குடும்பம் தெரிந்துவிடும். ‘நலம், நலமறிய ஆவல்’ எல்லாக் கடிதத்திலும் வரும் சடங்கு வரி. அது ஒரு கடிதத்தில் மட்டும் விடுபட்டால் வாசகர் மனம் துணுக்குறும். ஆகவே முதல் ஐந்தாறு கடிதங்களில் தவறாமல் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

தாய்க்கு எழுதத் தெரியாது என்றால் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அங்கே ஒரு கடிதத்துக்குள் இரண்டு குரல்கள் கிடைக்கும். ‘அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது’ என்று தொடங்கி, கடைசியில் எழுதிய பையன் தன் பங்குக்கு ‘அத்தை அழுகிறார்கள், அதை எழுத வேண்டாம் என்றார்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால், அதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை.

கையெழுத்து

எழுத்துருவை நம்ப வேண்டாம். எழுத்துருவில் எல்லா ‘க’வும் ஒரே ‘க’. கை எழுதினால் ஒரே வரியிலுள்ள இரண்டு ‘க’கூட ஒன்றுபோல் இராது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று விஷயங்களை மட்டும் மாற்றுங்கள்: சாய்வு, வரி போகும் போக்கு, பேனா. சுப்பையா சைன்போர்டு எழுதுபவர். வரி நேராக, எழுத்துக்கள் சம இடைவெளியில். கோமதிக்கு வரி வலப்பக்கம் போகப்போக மேலேறும். தாய்க்காகப் பையன் எழுதுவது பால்பாயின்ட், அழுத்தத்தில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கும். ஒருவர் மட்டும் பல கைகளையும் எழுதினால் மூன்றாவது பக்கத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். முடிந்தால் வீட்டிலுள்ள வேறு இருவரை எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-இல் வந்தது. அதற்கு முன் பொது வழக்கில் ணை, லை, ளை, னை நான்கும் இன்றுள்ள இரட்டைச் சுழிக் கொம்போடு இருக்கவில்லை. எழுத்தின் தலையிலேயே துதிக்கைபோல ஒரு வளைவு எழும்பி ஒட்டியிருக்கும். ணா, றா, னா மூன்றிலும் தனிக்கால் கிடையாது; எழுத்தோடு சேர்ந்த சுழி கீழிறங்கும். ணொ, ணோ போன்ற ஆறு எழுத்துக்களும் சேர்த்து மொத்தம் 13. 1974 கடிதத்தில் ‘வேலை இல்லை’ என்று இன்றைய உருவில் எழுதியிருந்தால் அது பொய்க் கடிதமாகவே தெரியும். பழைய பத்திரிகை ஒன்றைப் பக்கத்தில் வைத்து அந்த 13-ஐயும் இரண்டு நாள் எழுதிப் பழகுங்கள். கதை 1980-களுக்கு நீண்டால் பள்ளிக்கூடப் பிள்ளை புது எழுத்திலும் தாய் பழைய எழுத்திலும் எழுதுவார்கள். தாய் கடைசிவரை மாற மாட்டார்.

எழுத்துப் பிழையும் ஆளுக்கு ஆள் நிலையாக இருக்க வேண்டும். ர-ற மயங்குபவர் எங்கும் அதிலேயே மயங்குவார். ஒருவருக்கு இரண்டு வகைப் பிழைக்கு மேல் கொடுத்தால் படிப்பவருக்குக் களைப்பு.

படம்

ஒருவர் ஏன் கார்டில் வரைகிறார் என்பதற்குக் கதைக்குள் காரணம் வேண்டும். சைன்போர்டு எழுதுபவர், நில அளவைப் படம் போடுபவர், கோலம் போடுபவர், தாவரவியல் மாணவி இவர்கள் யாரும் இயல்பாக வரைவார்கள். அந்தக் கைக்கு ஏற்ற படம்தான் வர வேண்டும். சைன்போர்டுக்காரர் வரைந்தால் தட்டையான நிறம், தெளிந்த விளிம்பு, நிழல் ஒரே பக்கம். நீங்கள் எவ்வளவு நன்றாக நீர்வண்ணம் தீட்டினாலும் அதை இங்கே காட்டக் கூடாது.

எழுத்தில் இருப்பதைப் படம் திரும்பச் சொல்வது வீண். சுப்பையாவின் ஒரு கார்டு இப்படி இருக்கலாம்: ‘கோமதிக்கு, நலம். கொலுசு அடுத்த மாதம். அறையில் காற்று நன்றாக வருகிறது. அம்மா மருந்தை நிறுத்த வேண்டாம். சுப்பையா.’ மறுபக்கப் படத்தில் அதே அறை: ஆறு பாய், ஆறு டிரங்குப் பெட்டி, இறக்கை ஒன்று உடைந்த மின்விசிறி. ‘காற்று நன்றாக வருகிறது’ என்பதை கோமதி நம்பினாளா என்பது அவளுடைய அடுத்த கார்டில்.

படங்களை ஒன்றரை மடங்கில், 21 × 13.5 செ.மீ., 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாளில் வரைந்து சுருக்குங்கள். கடித எழுத்தை மட்டும் உண்மை அளவில் எழுத வேண்டும் (இன்லாண்டுக்குத்தான் மேலே சொன்ன விலக்கு). பெரிதாக எழுதிச் சுருக்கினால் 0.5 மி.மீ. பேனாக்கோடு 0.33 ஆகிவிடும், அது 1974 பேனாவாகத் தெரியாது. அச்சு அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் கார்டுக்கு 1654 × 1063 பிக்சல். இன்லாண்டுபோன்ற மெல்லிய தாளை ஸ்கேன் செய்யும்போது மேலே ஒரு கறுப்புத் தாளை வைத்து மூடுங்கள், பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவது பெருமளவு குறையும். ராயல் ப்ளூ மை நான்கு வண்ண அச்சில் ஊதாவாக மங்கும், ஆகவே ஒரு பக்கமாவது மாதிரி அச்செடுத்துப் பார்க்காமல் முழு வேலையைக் கொடுக்காதீர்கள். கார்டைச் சுற்றிப் பெட்டிக்கோடு போட வேண்டாம். முன்னும் பின்னும் அச்சு ஒரு மில்லிமீட்டர் விலகினால்கூட அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

தாளைப் பழையதாக்குவது

200 மி.லி. வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் டீத்தூள், ஐந்து நிமிடம், வடிகட்டி ஆறவிடுங்கள். தாளை அரை நிமிடம் முக்கி எடுத்து, கண்ணாடி மேல் பரப்பி, மெல்லிய துணியால் ஒற்றி, நிழலில் காயவிட்டு, இரண்டு வெள்ளைத் தாளுக்கிடையே மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். எழுதுவது இதற்குப் பிறகுதான். எழுதிவிட்டு முக்கினால் ஊற்றுப்பேனா மை கலைந்து ஓடும். முக்கிய தாளில் மை சற்றுக் கசியும் என்பதால் மெல்லிய நிப்பு அல்லது பால்பாயின்ட் பாதுகாப்பு. காற்றும் வெளிச்சமும் ஓரத்திலிருந்து புகுவதால் உண்மையான பழந்தாள் ஓரத்திலும் மடிப்பிலும்தான் அதிகம் பழுத்திருக்கும். அங்கே பஞ்சால் இன்னொரு முறை தொட்டுவிடுங்கள். ஓரத்தைத் தீயில் கருக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐம்பது வருடத் தாள் எரிந்ததுபோல் இராது.

அஞ்சல்தலையில் சட்டம் குறுக்கே நிற்கிறது. அரசு வெளியிட்ட தலையைப்போல் போலி செய்வது இந்தியாவில் குற்றம். கைப்படிக்கு (அச்சில் போடாமல் கையால் செய்யும் படிக்கு) முத்திரை விழுந்த பழைய தலைகளைச் சேகரிப்பாளர்களிடம் வாங்கி ஒட்டுங்கள். உறையோடு கிடைத்தால் தலையைச் சுற்றி வெட்டி, குளிர்ந்த நீரில் 15-20 நிமிடம் மிதக்கவிட்டால் தானே கழன்றுவிடும். உரிக்க இழுத்தால் ஓரப் பல் கிழியும். அச்சுப் படியில் சிறந்த வழி, தலையே இல்லாமல் செய்வது: ஸ்டாம்ப் சேர்க்கும் பையன் கிழித்தெடுத்த மூலை, அல்லது உரித்த இடத்தில் பசைத் தடமும் பாதி முத்திரையும். எந்த வீட்டுக் கடிதக் கட்டிலும் அப்படிக் கவர்கள் இருக்கும். கார்டிலும் இன்லாண்டிலும் அச்சிட்ட தலை இருக்கும் இடத்தில் முத்திரை கறுத்துப் பரவியதாக வரையுங்கள். முத்திரைக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்யாமல் நேரே படத்தில் வரைவதே நல்லது. போட்ட ஊரின் முத்திரை ஒன்று, போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை ஒன்று. தேதி இரண்டும் உங்கள் நாட்காட்டியோடு பொருந்த வேண்டும். எங்கோ கிடைத்த உண்மையான பழைய கடிதங்களை மாதிரியாக வைத்தால் பெயர், முகவரி, குடும்பச் செய்தி எதையும் அப்படியே எடுக்காதீர்கள். அவர்கள் யாருக்கோ எழுதியது அது.

உறையும் பைண்டிங்கும்

கடிதத் தாள் 27 × 18.5 செ.மீ.; இரண்டு முறை மடித்தால் 13.5 × 9.25. உறை 14.5 × 10. உள்ளே அரை சென்டிமீட்டராவது இடம் இல்லாவிட்டால் பத்தாவது முறை உருவும்போது மூலை கிழியும். முகவரிப் பக்கம் மேலே தெரிய வேண்டும் என்பதால் உறையை மூடும் பக்கத்தைப் புத்தகத்தின் பக்கத்தோடு ஒட்டுங்கள். அப்படியானால் கடிதத்தை எப்படி எடுப்பது? நம் வீடுகளில் கவரை எப்படிப் பிரித்தோமோ அப்படித்தான்: மேல் ஓரத்தைக் கிழித்து. மேல் விளிம்பை விரலால் கிழித்ததுபோல் ஒழுங்கற்றுக் கிழித்துவிடுங்கள். வெளி ஓரம் பார்த்துத் திறந்தால் புத்தகத்தைத் தூக்கும்போதெல்லாம் கடிதம் நழுவி விழும்.

பெவிகாலை உறையின் விளிம்பில் 1 செ.மீ. பட்டையாக, மெல்லியதாகத் தடவுங்கள், நடுவில் வேண்டாம். முழுக்கத் தடவினால் ஈரத்தில் பக்கம் சுருங்கி அலையும். மேலே பட்டர் பேப்பர் வைத்து ஓர் இரவு கனம் ஏற்றுங்கள். இரட்டைப் பக்க டேப் விரைவாக ஒட்டும், சில வருடத்தில் பழுத்து விட்டுவிடும். மைதாப் பசை மலிவு, பூச்சிக்கும் பிடிக்கும்.

நான்கு உறையிலும் வாசகர் கடிதத்தை மாற்றி வைத்துவிடுவார். ஒவ்வொரு கடிதத்துக்கும் தாளின் நிறத்தையோ மடிப்பையோ மாற்றிவிட்டால் தன் உறை தானே தெரியும்.

இனி முதுகு. 120 ஜிஎஸ்எம் தாள் 24 சேர்ந்தால் ஏறத்தாழ 3.6 மி.மீ. கடிதத்தோடு ஓர் உறை 1.5 மி.மீ.; நான்கும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் நடுவில் 6 மி.மீ. கூடுதல். புத்தகம் வாய் பிளந்து நிற்கும், சில மாதத்தில் முதுகு விட்டுப்போகும். இரண்டு வழிகளையும் சேர்த்துச் செய்யுங்கள். உறைகளை இரண்டு பக்கத்தில் மேற்பாதியிலும் இரண்டு பக்கத்தில் கீழ்ப்பாதியிலும் ஒட்டினால் கூடுதல் 3 மி.மீ.ஆகக் குறையும். அந்த 3 மி.மீ.ஐ முதுகில் நிரப்ப, 300 ஜிஎஸ்எம் அட்டையை 4 செ.மீ. அகலத்தில் வெட்டி நடுவில் மடித்த பட்டைகள் நான்கை ஃபாரங்களோடு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒட்டு பைண்டிங் இதற்கு ஆகாது, நூல் தையல்தான் தாங்கும். தாளின் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விரைத்து நிற்கும். அச்சகத்துக்குப் போகும் முன் வெற்றுத் தாளில், உண்மையான உறைகளோடு, ஒரு டம்மி (மாதிரிப் புத்தகம்) கட்டிப் பாருங்கள். நூறு படி போடுவதென்றால் 400 உறை ஒட்டி 400 கடிதம் மடிக்க வேண்டும். படிக்கு 20 நிமிடம் என்றாலும் 33 மணி நேரம். விலை வைக்கும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி ஓட்டை

அந்தக் காலத்து வீடுகளில் கடிதங்கள் சுவரில் தொங்கிய கொக்கிக் கம்பியில் குத்தி வைக்கப்பட்டன. ஆகவே அம்பாசமுத்திரத்துக்கு வந்த ஒவ்வொரு கார்டின் நடுவிலும் துரு வட்டமிட்ட ஒரு சிறு ஓட்டை இருக்கும். மடித்தபடி குத்திய இன்லாண்டை விரித்தால் மடிப்புக்கு இருபுறமும் சமதூரத்தில் ஓட்டைகள் வரிசையாக வரும். ஓட்டை எழுத்தின் மேலேயே விழட்டும். ஒன்றிரண்டு சொல் சிதையட்டும்.

சுப்பையாவின் ஒரே ஒரு கடிதத்தில் ஓட்டை வேண்டாம். கோமதி அதை மட்டும் கம்பியில் குத்தாமல் வேறெங்கோ வைத்திருந்தாள் என்பதை இரண்டாம் முறை படிப்பவர் கண்டுபிடிப்பார். கைப்படியில் ஓட்டைகளை எல்லாம் எழுதி, பழையதாக்கி, காய்ந்த பிறகு, ஒட்டுவதற்கு முன், கோணியூசியால் முன்பக்கத்திலிருந்து குத்துங்கள். விளிம்பில் பழுப்பு மையை ஈர்க்குச்சி நுனியால் தொட்டால் துரு வந்துவிடும்.